பெரியம்மாவுக்கு வந்த ஆர்டர்

உக்காரு மக்ளே, உக்காரு. ஜன்னல் பக்கம் போயிரு. எனக்குக் காத்து ஆகாது, முப்பந்தல் தாண்டுறதுக்குள்ள காது ரெண்டும் அடைச்சுரும். பணகுடில ஏறினியா? காலேஜா? நல்லா படி. நான் வடசேரில இறங்குவேன், நீ எங்க? அங்கதானா, அப்ப சரி, பேச்சுத்துணை ஆச்சு.

அந்தக் கண்டக்டர் என்னையே திரும்பித் திரும்பிப் பாக்கான் பாத்தியா? காலைல இவன் வண்டிலதான் வந்தேன். "கூட வந்த பாட்டி எங்கம்மா?"ண்ணு டிக்கெட் கிழிக்கும்போதே கேட்டுட்டான். இவனுக்கு எதுக்கு? ஒரு டிக்கெட்டுண்ணா ஒரு டிக்கெட்டைக் கிழிச்சுக் குடுத்துட்டுப் போகவேண்டியதுதானே. கூட வந்தது பாட்டி இல்ல, எங்க பெரியம்மா. எங்க அம்மைக்கு அக்கா. ஞானபாய்ண்ணு பேரு. தொண்ணூத்தஞ்சு வயசு. வேலைக்குப் போயிருக்கா.

சிரிக்காத. வள்ளியூர் பக்கத்துல சிஸ்டர்மாரு நடத்துற ஒரு இல்லம் இருக்கு, வயசானவங்களுக்கு. அங்க டியூட்டில சேத்துட்டு வாறேன். அவளுக்கு அது டியூட்டி. மத்தவங்களுக்கு… சரி, நீ சின்னப் பிள்ளை இல்ல, ஒனக்குப் புரியும். ஊர்க்காரங்க நாளைக்கே பேச ஆரம்பிச்சிருவாங்க, "லீலா பெரியம்மாவைக் கொண்டு தள்ளிட்டு வந்துட்டா"ண்ணு. பேசட்டும். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? நான் தள்ளல்ல. முழுசா கேளு, கேட்டுட்டு நீயே சொல்லு.

பெரியம்மா பட்டாளத்துல நர்ஸா இருந்தவ. ரெண்டாம் உலக யுத்தம், வெள்ளைக்காரன் காலம். படிப்பு முடிச்ச கையோட, கல்யாணத்துக்குப் பாத்துக்கிட்டிருக்கும்போதே, பேரைக் குடுத்துட்டு ரயிலேறிட்டா. அஸ்ஸாம் பக்கம், பர்மா எல்லைல, காட்டுக்குள்ள கூடாரம் போட்டு ஆஸ்பத்திரியாம். அங்க என்ன நடந்ததுண்ணு எங்கிட்ட கேக்காத. அவ சொன்னதில்ல, நாங்க கேட்டதும் இல்ல. ரெத்தமும் சீழும், அதைச் சோத்துக்கு முன்னால இருந்து யாரு கேப்பா? தாத்தா மட்டும் சொல்லுவாராம், "போகும்போது எனக்கு ஒரு மகள் இருந்தா, வரும்போது ஒரு பட்டாளத்தான்லா வந்திருக்கான்"ண்ணு. அதுக்குப் பெறவு மாப்பிள்ளை அமையல்ல. வந்தவன் எல்லாம், "ஆம்பிளயளைத் தொட்டுக் கழுவினவளா?"ண்ணு கேட்டுட்டு, வச்ச காப்பியைக் குடிச்சுட்டுப் போயிருவான். காப்பியை மட்டும் எவனும் மிச்சம் வைக்கல்ல பாத்துக்கோ.

அவ அதுக்கும் வாயைத் திறக்கல்ல. ஊருல ஒரு ஆஸ்பத்திரில வேலைக்குச் சேந்தா, வயசாகி இறங்குற வரைக்கும் அங்கதான். எனக்கு நாலு வயசு இருக்கும்போது எங்க அம்மை செத்துப்போனா. அப்பா வேற கல்யாணம் கெட்டி மதுரைக்குப் போயிட்டாரு. என்னை எடுத்து வளத்தது பெரியம்மாதான். இல்லைண்ணு நான் எங்கயாவது சொன்னேனா? டெல்லில அவளைப் பெரிய வேலைக்குக் கூப்பிட்டாங்களாம், பிள்ளையை விட்டுட்டு எப்பிடிண்ணு போகல்லியாம். எங்க சொந்தத்துல பேச்சுக்குப் பேச்சு இதைச் சொல்லிக் காட்டுவாங்க. நான் கேட்டேனா? நாலு வயசுப் பிள்ளை, "பெரியம்மா, டெல்லிக்குப் போகாத"ண்ணா சொல்லும்? அவளா இருந்தா, அவளா வளத்தா. நானும் கல்யாணம் கெட்டின நாள்ல இருந்து அவளை எங்கூடத்தான் வச்சிருக்கேன். எங்க வீட்டுக்காரரு ஒரு நாளு முகம் சுளிச்சதில்ல.

பெங்களூருல எங்க மாமா மக்கமாரு ரெண்டு பேரு இருக்காளுவ. மாசத்துக்கு ஒருக்கா போன். "லீலாக்கா, அத்தையை நல்லா பாத்துக்கோ, என்ன?"ண்ணு. பாத்துக்கோண்ணு சொல்ல வாய் போதும். பாக்கத்தான் கை வேணும், முதுகு வேணும். ஒரு தடவையாவது, "பத்து நாளு இங்க கொண்டு விடு"ண்ணு சொல்லியிருப்பாளுவளா? அவளுவ வீடு ரெண்டும் நாலாவது மாடியாம். லிஃப்ட் இருக்கே, அதைச் சொல்லமாட்டாளுவ.

ரெண்டு வருஷமா பெரியம்மாவுக்கு ஓர்மை சரியில்ல. சில நேரம் நம்மளை மாதிரிப் பேசுவா. சில நேரம் அந்த யுத்தக் காட்டுக்குள்ள போயிருவா. ஒரு நாளு எங்க சர்ச்சுக் கோயில்ல என்ன செஞ்சா தெரியுமா? எங்க சபைல ஆம்பிளைய ஒரு பக்கம், பொம்பிளைய ஒரு பக்கம்தான் இருப்போம். பிரசங்கம் நடக்கு. எங்கூட இருந்தவ எழும்பி, பைய நடந்து ஆம்பிளைய பக்கம் போயிட்டா. வரிசையா ஒவ்வொருத்தர் கையையும் புடிச்சு, நெஞ்சுல குத்தியிருக்குத அவ பழைய நர்ஸ் கடியாரத்தைப் பாத்து, நாடி எண்ண ஆரம்பிச்சுட்டா. ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஒருத்தரை நாக்கை நீட்டச் சொன்னா. அவரும் நீட்டிட்டாரு! பாஸ்டர் ஐயருக்குப் பிரசங்கம் விட்டுப்போச்சு. பிள்ளைய எல்லாம் சிரிக்குதுவ. நான் எந்த மூஞ்சியோட போயி அவளைக் கூட்டிட்டு வர? நீ சொல்லு.

வீட்டுலயும் அப்பிடித்தான். குளிக்க வரமாட்டா, மருந்து குடிக்கமாட்டா. ஒரு நாளு எங்க வீட்டுக்காரருதான் விளையாட்டுக்குச் சொன்னாரு, "சிஸ்டர், நாளைக்குப் பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வாராரு"ண்ணு. காலைல பாத்தா, குளிச்சு, தலை சீவி, கட்டில் விரிப்பை நாலு மூலையும் மடிச்சு இறுக்கி, பக்கத்துல நிக்கிறா! நாங்க ரெண்டு பேரும் அடுக்களைல போயி நிண்ணு சிரிச்சோம். அதுக்குப் பெறவு எல்லாத்துக்கும் அதே மந்திரம்தான். மருந்துக்கு "டாக்டர் ஆர்டர்", சாப்பாட்டுக்கு "மெஸ்ஸுல கூப்பிடுதாங்க", மழைல முற்றத்துல நிண்ணா "உள்ள வரச் சொல்லி ஆர்டர்". என் மகன் ஷிபு மஸ்கட்டுல இருந்து போன்ல சிரிப்பான், "பாட்டிக்கு ஒரு ஆர்டர் போடுங்கம்மா"ண்ணு. நான் சொன்னா அசையமாட்டா. ஆர்டருண்ணா ஏன், எதுக்குண்ணு ஒரு கேள்வி கிடையாது. பட்டாளத்துல அப்பிடிப் பழக்கி விட்டிருக்கான்.

இப்ப ஷிபு அந்த வேலையை விட்டுட்டு ஊரோட வாறான். அவன் பெண்டாட்டி குமரகத்துல அவ அம்மை வீட்டுல பெத்துட்டு அங்கயே இருக்கா, ஆம்பிளப் பிள்ளை. அடுத்த வாரம் எல்லாரும் வந்திருவாங்க. கீழ இருக்குதது ரெண்டே ரூம். அதுவும் போகட்டும்ண்ணு வை. போன மாசம் பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதுக்கிட்டு கிடந்திருக்கு, அதுக்க அம்மை துணி காயப்போட மாடிக்குப் போயிருக்கா. பெரியம்மா போயி பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ரோட்டுல இறங்கிட்டா. தேடாத எடமில்ல. கடைசில பாத்தா மருந்துக்கடை வாசல்ல நிக்கிறா, "பேண்டேஜ் குடுங்க, இவனுக்கு ரெத்தம் போவுது"ண்ணு. பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல, அவ தோள்ல கிடந்து நல்லா உறங்குது. ஆனா ஏதாவது ஆகியிருந்தா? என் மருமகளுக்கு இது எப்பிடியோ தெரிஞ்சுபோச்சு. "மாமி, அந்தப் பாட்டி இருக்குத வீட்டுக்கு நான் பிள்ளையைக் கொண்டு வரமாட்டேன்"ண்ணுட்டா. அவளைக் குத்தம் சொல்ல முடியுமா? பெத்தவ. நான் பேரப்பிள்ளையை இன்னும் கையில வாங்கல்ல மக்ளே, போட்டோலதான் பாத்திருக்கேன்.

அப்பதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அவளுக்கு ஒரு மாத்தல் ஆர்டர் போட்டா என்ன? எங்க வீட்டுக்காரரு, "வேண்டாம் லீலா, உள்ளதைச் சொல்லிக் கூட்டிட்டுப் போ"ண்ணாரு. உள்ளதைச் சொன்னா யாரு போவா? "நீங்க போவியளா?"ண்ணு கேட்டேன்.  இண்ணைக்கு எங்கூட வரல்ல, முட்டு வலியாம். அந்த முட்டுக்கு இண்ணைக்குப் பாத்து வலி வந்திருக்கு.

பெரியம்மா அடுக்களைல உக்காந்து வெங்காயம், அந்தச் சின்ன உள்ளி, உரிச்சுக்கிட்டிருந்தா. நான் போயி முன்னால நிண்ணு, "பெரியம்மா, ஒனக்கு மாத்தல் ஆர்டர் வந்திருக்கு"ண்ணேன். கத்தியைக் கீழ வச்சா. "எங்க?"ண்ணா. "வள்ளியூர் பக்கம். முடியாதவங்க நிறைய பேரு கிடக்காங்களாம், நர்ஸ் பத்தல்லியாம்." "எப்ப சேரணும்?" "வியாழக்கிழமை." என் மூஞ்சியைக் கொஞ்ச நேரம் பாத்தா. "நீயும் வாறியா?"ண்ணா. "கொண்டு விட வாறேன்"ண்ணேன். "சரி"ண்ணு சொல்லிட்டு மறுபடியும் உள்ளி உரிக்க ஆரம்பிச்சுட்டா. அவ்வளவுதான் விஷயம். இதுக்காக்கும் நான் ரெண்டு நாளு உறங்காம கிடந்தேன்.

பெட்டி கட்டினா பாரு. அலமாரில ஒரு துணி மிச்சம் வைக்கல்ல. ரூமைக் கழுவி, ஜன்னல் துணியைத் துவைச்சுப் போட்டு, அவ வளத்த ரோஜாத் தொட்டியை எல்லாம் பக்கத்து வீட்டுக்காரிக்குக் குடுத்துட்டா. எங்க வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, உத்தரத்துல இருக்குத கொக்கியைக் காட்டி, "இதுக்குக் கொஞ்சம் எண்ணெய் போடணும். தொட்டில் கட்டினா கிறீச்சுண்ணு சத்தம் கேட்டுப் பிள்ளை முழிச்சிரும்"ண்ணு சொல்லுதா. யுத்தத்துக்குப் போற ஆளு தொட்டில் கொக்கியைப் பத்திக் கவலைப்படுதா! ஓர்மை அந்த லட்சணத்துலதான் இருக்குண்ணு நான் நெனச்சேன்.

என்ன கேட்ட? ஆர்டர் பொய்ண்ணு அவளுக்குத் தெரியாதாண்ணா? இரு, அதுக்குத்தான் வாறேன். அவசரப்படாத.

இண்ணைக்குக் காலைல வெள்ளைச் சேலை உடுத்து, அந்தக் கடியாரத்தைக் குத்தி, தயாரா நிண்ணா. எங்க வீட்டுக்காரருக்குக் கை குடுத்தா. "வீட்டைப் பாத்துக்கோ மருமகனே"ண்ணா. அவரு உள்ள போயிட்டாரு, முட்டுக்கு எண்ணெய் தேய்க்கவாக்கும். பஸ்ஸுல நீ இருக்குத மாதிரி ஜன்னல் பக்கம்தான் இருந்தா. முப்பந்தல் வந்ததும் காத்தாடி எல்லாம் சுத்துதுல்லா, அதைப் பாத்துட்டு, "லீலா, இவ்வளவு ஃபேன் எந்த வார்டுக்கு?"ண்ணு கேட்டா. எனக்குச் சிரிப்பு வந்துட்டு. அவளும் சிரிச்சா. வழி முழுக்க என் கையைப் புடிச்சுக்கிட்டுதான் வந்தா.

அந்த இல்லத்துல மதருக்கு நான் போன்லயே எல்லாம் சொல்லி வச்சிருந்தேன். "வாங்க சிஸ்டர், டியூட்டில சேருங்கண்ணு ஒரு வார்த்தை சொல்லிருங்க மதர், போதும்"ண்ணு. "பொய் சொல்ல மாட்டேன்மா. வாங்கண்ணு மட்டும் சொல்லுறேன்"ண்ணு அப்பவே சொன்னாங்க. அதே மாதிரி இண்ணைக்கு, "வாங்க அம்மா, இது உங்க வீடு"ண்ணுட்டாங்க.  நான் பாத்துப் பாத்துக் கட்டினதை ஒரு வார்த்தைல இடிச்சுப் போட்டுருவாங்க போலிருக்கே! பெரியம்மா ஒண்ணும் நெனைக்கல்ல. "குட் மார்னிங், மதர்"ண்ணா. அவளுக்குக் குடுத்த கட்டில்ல விரிப்பை உருவி, மறுபடி விரிச்சு, நாலு மூலையையும் இறுக்கினா. பெறவு பக்கத்துக் கட்டிலுக்குப் போயி அங்க கிடந்த அம்மாவுக்க கையைப் புடிச்சு நாடி பாத்தா. அந்த அம்மா கையை விடமாட்டேங்கு. "எனக்குக் காய்ச்சல் இருக்காம்மா?"ண்ணு கேக்கு. "இல்ல, நல்லாயிருக்கு. நல்லா சாப்பிடணும்"ண்ணு பெரியம்மா சொல்லுதா. மதர் கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க.

குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்ண்ணு சொல்லுவாங்கல்லா? எனக்கு அப்ப ஒண்ணும் குறுகுறுக்கல்ல. உள்ளதைச் சொல்லுதேன். நல்லா பசிச்சது. அப்பாடா, நல்லபடியா முடிஞ்சுதுண்ணு இருந்தது. வள்ளியூர் பஸ் ஸ்டாண்டுல ரெண்டு தோசை தின்னுட்டு வண்டி ஏறலாம்ண்ணு நெனச்சேன்.

சொல்லாம இறங்கிப் போயிரலாம்ண்ணு பைய நடந்து வாசல் கேட்டுப் பக்கம் வந்தேன். பின்னால செருப்புச் சத்தம். பெரியம்மா. "கொஞ்சம் இரு லீலா"ண்ணா. அங்க சிமெண்டுல ஒரு பெஞ்சு போட்டிருக்கு. அதுல இருந்தா, என்னையும் இருக்கச் சொன்னா. இத்தனை வருஷத்துல ஒரு நாளும் யுத்தத்தைப் பத்திப் பேசாதவ, பேச ஆரம்பிச்சுட்டா. தடுமாற்றம் இல்ல, ஒரு சொல்லு மாறல்ல.

"ஒரு நாளு எங்க ஆஸ்பத்திரியைக் காலி பண்ணச் சொல்லி ஆர்டர் வந்தது. ஜப்பான்காரன் கிட்ட வந்துட்டான். இருக்குத லாரில ஏத்த முடிஞ்சவங்களை ஏத்தினோம். அசைக்கக் கூடாத கேஸ் கொஞ்சம் பேரு, அவங்களுக்கு எடம் இல்ல. அவங்ககிட்ட யாராவது போயி எதையாவது சொல்லணும்லா? டாக்டர் என்னைப் போகச் சொன்னாரு. நான் ஒவ்வொரு கட்டிலா போயி, 'இப்ப போறதுல சாமான்தான் போவுது. அடுத்த லாரி ஒங்களுக்குத்தான்'ண்ணு சொன்னேன். சிரிச்சுக்கிட்டே சொன்னேன். தலையணையை நேரா வச்சேன். குடிக்கத் தண்ணி வச்சேன்."

நான், "இப்ப எதுக்குப் பெரியம்மா அதெல்லாம், வெயிலு ஏறுது, உள்ள போ"ண்ணேன். அவ கேக்கல்ல.

"அடுத்த லாரி இல்லைண்ணு அவங்களுக்குத் தெரியும் மக்ளே. கட்டில்ல கிடக்கிறவனுக்கு எல்லாம் தெரியும். மதுரைப் பக்கத்துப் பையன் ஒருத்தன், வயித்துல காயம். அவன் சொன்னான், 'சரிக்கா, நீங்க கெளம்புங்க. நாங்க அடுத்ததுல வர்றோம்'ண்ணு. எனக்காகத்தான் அப்பிடிச் சொன்னான். நான் கெளம்பணும்லா, அதுக்காக."

பெறவு என் கையைத் தடவிக் குடுத்தா. "நீயும் அந்த ஆர்டரை நல்லாத்தான் சொன்ன.  நான் அதுக்குப் பெறவு சரியா உறங்கினதே கிடையாது. நீ உறங்கணும். அவங்க ஒருத்தரும் என்னைத் திட்டல்ல. நானும் ஒன்னைத் திட்டமாட்டேன். கெளம்பு, பிள்ளை வரப்போவுது, வீட்டுல வேலை கிடக்கும்"ண்ணா. எழும்பி உள்ள போயிட்டா.

தெரியாதாண்ணு கேட்டியே, தெரியும் மக்ளே. உள்ளி உரிச்சுக்கிட்டு இருக்கும்போதே தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான் தெரியல்ல. ஓர்மை தப்பின ஆளு ஏதோ சொல்லிட்டுப் போறாண்ணு நெனச்சுக்கிட்டே ரோட்டுக்கு வந்தேன். பஸ் ஸ்டாண்டுல தோசை முன்னால வந்து இருக்கு. கை போகல்ல. அந்த நாடி பாக்கதும் மூலை மடிக்கதும் நாங்க சிரிச்சதும், எல்லாம் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா வருது. எத்தனை தடவை அந்த ஆர்டர் விளையாட்டை அவ தெரிஞ்சே கேட்டுக்கிட்டு நிண்ணிருப்பா? எங்களுக்குச் சுலபமா இருக்கட்டும்ண்ணு எத்தனை தடவை போயிக் குளிச்சிருப்பா? தோசைக்காரன், "ஆறிப்போச்சே, மாத்தித் தரட்டா?"ண்ணு கேட்டான். வேண்டாம்ண்ணு சொல்லிட்டு வந்துட்டேன்.

அவ திட்டியிருக்கலாம். நான் எல்லாத்துக்கும் பதில் தயாரா வச்சிருந்தேன் மக்ளே. ரெண்டு நாளா உறங்காம அதைத்தானே சேத்து வச்சேன்! "இதுக்கா ஒன்னை வளத்தேன்?"ண்ணா, "நானும் இத்தனை வருஷம் பாக்கல்லியா?"ண்ணு கேட்டிருப்பேன். "ஒனக்காக டெல்லியை விட்டேனே"ண்ணா, "நான் கேட்டேனா?"ண்ணு சொல்லியிருப்பேன். கோயில் கதை, மருந்துக்கடை கதை, பெங்களூருக்காரிய கதை, ஒண்ணு விடாம எடுத்துப் போட்டிருப்பேன். அவ அழுதிருப்பா, நானும் அழுதிருப்பேன், அதோட சண்டை தீந்திருக்கும். ஒண்ணையும் அவ கேக்கல்லியே. ஒரு வார்த்தை திட்டல்லியே. சொல்லாத பதிலை எல்லாம் வாயில வச்சுக்கிட்டு எப்பிடி வீடு வரைக்கும் போவேன்? அதான் முன்ன பின்ன தெரியாத ஒங்கிட்ட, நீ ஏறினதுல இருந்து சொல்லிக்கிட்டே வாறேன்.